காஸ்டட் வேண்டாம், காஸ்ட் போதும்

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களிடம் "வீ காஸ்டட் திஸ் எஸ்டர்டே" (இதை நேற்று அச்சில் வார்த்தோம்) என்று கல்லைக் காட்டுவேன். காரைக்குடியிலிருந்து அவர்களைக் கூட்டிவரும் கைடு தம்பி, அது தப்பு என்கிறார். உடைந்த கல்லுக்குப் பதிலாக அதே பூப்போட்டு வேறு கல் செய்து தருகிறோமே, அதை ரீகாஸ்ட், அதாவது மறுபடி வார்த்தது, எனலாமா?

பதில்: தம்பி சொன்னதுதான் சரி. காஸ்ட், கட், புட், ஹிட் எல்லாம் ஒரே வகையறா. இன்றைக்கும் காஸ்ட், நேற்றைக்கும் காஸ்ட், முன்னால் 'ஹேவ்' போட்டாலும் காஸ்ட்தான். எப்போது நடந்தது என்பதைக் கூட வரும் எஸ்டர்டே, எவ்ரி டே காட்டிவிடும். ஒரே ஒருவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் வித்தியாசம் காதில் விழும்: "ஹீ காஸ்ட்ஸ்" என்றால் வழக்கமாக வார்க்கிறார், "ஹீ காஸ்ட்" என்றால் வார்த்துவிட்டார். ஃபோர்காஸ்டட், பிராட்காஸ்டட் இரண்டையும் அகராதிகளே ஏற்றுக்கொண்டதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது, அந்தச் சலுகை வெறும் காஸ்டுக்குக் கிடையாது.

ரீகாஸ்ட்தான் யோசிக்க வேண்டிய இடம். அமெரிக்காவின் லிபர்ட்டி பெல் என்ற பெரிய மணி சோதித்துப் பார்க்கும்போதே விரிசல் விட்டது, அந்த உலோகத்தையே உருக்கி 1753-இல் பிலடெல்பியாவில் மறுபடி வார்த்தார்கள். "இட் வாஸ் ரீகாஸ்ட் இன் 1753" என்பது கச்சிதம். உங்கள் கல் அப்படியா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போடுகிறீர்கள். தண்ணீரோடு சேர்ந்து இறுகிய சிமெண்ட் வேறு பொருளாகவே மாறிவிடுகிறது, உலோகம் மாதிரி உருக்கிப் பழையபடி குழம்பாக்க முடியாது. ரீகாஸ்ட் என்றால் உடைந்த துண்டையே உருக்கினீர்களோ என்று நினைத்துவிடுவார்கள். "வீ காஸ்ட் எ நியூ ஒன் டு மேட்ச்" என்று சொல்லுங்கள். பழைய வீட்டுத் தரைக்குப் பொருந்துகிற மாதிரி புதுக் கல் செய்வது சின்ன வேலையா என்ன, அந்தத் திறமையும் இதில் தெரியும்.

அப்புறம், மோல்ட் என்பது உங்கள் அச்சுக்கே பெயர், வினையாக வந்தால் நேற்றைக்கு மோல்டட். நசுங்கிய பித்தளை அண்டாவைத் தட்டி நிமிர்த்தினால் ரீஷேப்ட். இவை இரண்டும் சாதாரண வினைகள், பயப்பட ஒன்றுமில்லை.

பட்டறையில் போர்டு எழுதுவதாக இருந்தால், "தீஸ் டைல்ஸ் ஆர் காஸ்ட் பை ஹேண்ட்" என்று தைரியமாக எழுதுங்கள்.