ஃபிராங்க்ளினின் மகன்

அன்புள்ள ஐயா,

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் சுயசரிதையை வாசித்த வேகத்தில் அவருடைய 13 நற்குணங்களின் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, வாரத்துக்கு ஒரு குணமாகக் கடைப்பிடித்து வருகிறேன். இது மூன்றாவது வாரம், ‘ஒழுங்கு’. இங்கேயே தடுமாறுகிறேன். அப்புறம் ஒரு சந்தேகம். மணஉறவுக்கு வெளியே ஒரு மகனைப் பெற்றவர் பட்டியலில் ‘கற்பு’ என்று எழுதியது போலித்தனம் இல்லையா? அவர் ஃப்ரீமேசன் என்றும் யூடியூபில் சொல்கிறார்கள். அந்த மகனும் பிற்பாடு ஆங்கிலேயருடன் சேர்ந்துகொண்ட துரோகியாம். இவரை முன்மாதிரியாகக் கொள்ளலாமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கு நீளமாக எழுதக் கூடாதுதான். ஆனால் கொஞ்ச காலமாக நான் இந்த அப்பாவும் மகனும் எழுதிக்கொண்ட கடிதங்களைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பாட்டுக்குத் ‘துரோகியாம்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். விட மனம் வரவில்லை.

சில்லறையை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஃப்ரீமேசன் என்கிற சகோதரச் சங்கத்தில் உறுப்பினரா? ஆமாம், 1731-லிருந்து. அதில் என்ன ரகசியம்? அந்தச் சங்கத்தின் விதிநூலை 1734-ல் அச்சடித்து விற்றவரே அவர்தான். யூடியூபை மூடுங்கள். ஒழுங்கு வரவில்லையா? அவருக்கும் கடைசிவரை வரவில்லை, தன்னை மிகவும் படுத்திய குணம் அதுதான் என்று அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கற்பு விஷயத்தில், இளவயதில் தான் தடம் மாறியதையும் மறைக்காமல் எழுதியவர் அவர். 1730-ஐ ஒட்டிப் பிறந்த வில்லியமின் தாய் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் பெயரைக் கொடுத்து, மனைவி டெபோராவின் பொறுப்பில் வளர்த்தார்.

போலித்தனம்தான் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேடியிருக்க வேண்டும். அவருடைய ‘பென்சில்வேனியா கெஸட்’ பத்திரிகையில் அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது. 1757-ல் லண்டனுக்குக் கப்பலேறியபோது அப்பாவும் மகனும் ஆளுக்கொரு அடிமையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகனுடைய அடிமை அங்கே ஓடிப்போய்விட்டான். அதே ஃபிராங்க்ளின்தான் 1790 பிப்ரவரியில், சாவதற்கு இரண்டு மாதம் முன்னால், அடிமை முறையை ஒழிக்கக் கோரிய மனுவில் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர். இதைப் பற்றி ஒரு வரி கேட்கத் தோன்றவில்லை உங்களுக்கு. கற்பைப் பற்றிக் கேட்கிறீர்கள்.

சரி, வில்லியமுக்கு வருகிறேன்.

1752-ல் பட்டம் விட்டு மின்னலைச் சோதித்த கதை உங்களுக்குத் தெரியும். பிற்கால ஓவியங்களில் பக்கத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பொடியன் நிற்பான். அது வில்லியம்தான், ஆனால் அப்போது அவருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஊர் சிரிக்குமோ என்று ஃபிராங்க்ளின் அந்தச் சோதனையை வெளியே சொல்லாமல் செய்தபோது கூட வைத்துக்கொண்ட ஒரே ஆள் இந்த மகன். பிறகு லண்டனில் சட்டம் படிக்க வைத்தார். 1762-ல் வில்லியம், அமெரிக்காவில் பிரிட்டனின் கீழிருந்த நியூ ஜெர்சியின் அரச ஆளுநராக நியமிக்கப்பட்டார். அப்பாவுக்கு லண்டனில் இருந்த செல்வாக்கு இல்லாமல் முப்பது சொச்சம் வயதில் அந்தப் பதவி யாருக்குக் கிடைக்கும்?

அந்த நாளில் அப்பாவும் பிரிட்டிஷ் பேரரசின் ஆள்தான், அதை மறந்துவிடாதீர்கள். 1753-லிருந்து மன்னருடைய தபால் துறையில் துணைத் தலைமைப் பதவி. பென்சில்வேனியாவை அதன் உரிமையாளர்களான பென் குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கி நேரே மன்னரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வருடக்கணக்கில் அலைந்தவர். 1765-ல் அமெரிக்கர்கள் வெறுத்த முத்திரைத்தாள் வரியை பிரிட்டன் கொண்டுவந்தபோது அதை வசூலிக்கத் தன் நண்பருக்கே வேலை வாங்கிக்கொடுத்தார். பிலடெல்பியாவில் கூட்டம் அவர் வீட்டை இடிக்கக் கிளம்பியது. துப்பாக்கியோடு வீட்டைக் காத்து நின்றவர் டெபோரா. இவர் லண்டனில் இருந்தார்.

அவர் மனம் முறிந்தது பிற்பாடுதான். 1774 ஜனவரி 29, லண்டன் ஒயிட்ஹாலில் மன்னரின் ஆலோசனை சபை. மாசசூசெட்ஸ் ஆளுநரின் தனிப்பட்ட கடிதங்களை வெளியே விட்ட குற்றத்துக்காக, வெடர்பர்ன் என்ற அரசு வழக்கறிஞர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவரைத் திருடன் என்கிற அளவுக்கு ஏசினார். பிரபுக்கள் சிரித்தார்கள். 68 வயது மனிதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஓரிரு நாளில் தபால் பதவியும் போயிற்று. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு நேர்ந்தது, மகனுக்கு நேரவில்லை. வில்லியம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம், அப்பா உட்காரவைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கம் மாறியவர் அப்பாதான். இதைச் சொன்னால் அமெரிக்கப் பக்தர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

1776-ல் அமெரிக்கா மன்னருக்கு எதிராகக் கிளர்ந்தபோது, மன்னர் பக்கமே நின்ற வில்லியமைக் கிளர்ச்சியாளர்கள் கைது செய்தார்கள். காவலில் வைத்த கனெக்டிகட்டில் இருந்துகொண்டு, மன்னர் பக்கம் திரும்புபவர்களுக்கு ரகசியமாக மன்னரின் மன்னிப்புச் சீட்டு வழங்கினார் என்று தனிச்சிறையில் போட்டார்கள். நியூயார்க்கில் மனைவி எலிசபெத் சாகக் கிடந்தார். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர அனுமதி கேட்டார் வில்லியம். தளபதி வாஷிங்டன் அதைக் கிளர்ச்சியாளர்களின் சபையான காங்கிரசுக்கு அனுப்பிவைத்தார். காங்கிரஸ் மறுத்துவிட்டது. 1777 ஜூலையில் எலிசபெத் இறந்தார். மாமனார் அப்போது அமெரிக்கத் தூதராகப் பாரீஸில், பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடும் மனிதர். மகனுக்காக ஒரு சொல் சொன்னதாக எங்கும் காணோம்.

வில்லியம் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. விடுதலையான பின் நியூயார்க்கில் மன்னர் தரப்பு ஆயுதக் குழுக்களுக்குத் தலைமை ஏற்றார். 1782-ல் அவர்கள் ஜோஷுவா ஹடி என்ற கைதியைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் கறை வில்லியம் மீதும் உண்டு. அந்த வருடமே இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

இப்போது உங்கள் சுவருக்கு வருகிறேன். அந்தச் சுயசரிதை 1771-ல் இங்கிலாந்தில், ட்வைஃபர்டு கிராமத்தில் ஒரு பிஷப்பின் வீட்டில் தொடங்கியது. முதல் விளிப்பே ‘அன்பு மகனே’. ஆளுநராக இருந்த நாற்பது வயது மகனுக்கு எழுதும் கடிதமாகத்தான் அது ஆரம்பிக்கிறது. நடுவில் போர் வந்து எழுத்து நின்றுபோயிற்று. மறுபடி பேனாவைத் தொட்டது 1784-ல், பாரீஸை அடுத்த பாஸியில். இரண்டாம் பகுதியில் மகனே என்ற விளி இல்லை. எழுதி முடியுங்கள் என்று வற்புறுத்திய இரண்டு நண்பர்களின் கடிதங்களோடு தொடங்கி, பொதுவாக எல்லோருக்கும் பேசுகிறார். நீங்கள் ஒட்டிவைத்திருக்கும் அட்டவணை இந்தப் பகுதியில்தான் வருகிறது.

அதே 1784 ஜூலையில் வில்லியம் லண்டனிலிருந்து சமாதானம் வேண்டி எழுதினார். ஆகஸ்ட் 16-ல் அப்பாவின் பதில். முதுமையில் ஒரே மகன் தன்னைக் கைவிட்டதைப் போல வேறெதுவும் தன்னைப் புண்படுத்தியதில்லை, கைவிட்டதோடு நிற்காமல் தனக்கெதிராக ஆயுதமும் எடுத்தான் என்று எழுதுகிறார். அரசியல் கடமைகளுக்கு முந்தியவை இயற்கையான கடமைகள் என்று ஒரு வரி வேறு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த வரியில்தான். மருமகள் செத்துக்கொண்டிருந்தபோது அந்த இயற்கைக் கடமை எங்கே போயிருந்ததாம்? பிரிட்டனோடு சமாதானம் பேசியபோது, மன்னர் பக்கம் நின்றவர்களுக்கு இழப்பீடு தரவே கூடாது என்று அமெரிக்கத் தூதர்களில் அதிகமாகப் பிடிவாதம் பிடித்தவரும் இவர்தான்.

1785 ஜூலையில் சவுத்தாம்டன் துறைமுகத்தில் சில நாள் சந்தித்தார்கள். ஊர் திரும்பும் வழியில் அப்பா செய்தது கணக்குத் தீர்ப்பது. வில்லியமின் நியூ ஜெர்சி நிலத்தைப் பேரன் டெம்பிள் பெயருக்கு மலிவாக எழுதி வாங்கினார். பழைய கடனுக்கு ஈடாக வேறு நிலமும் கைமாறியது. அப்புறம் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

1787 செப்டம்பர் 17, அமெரிக்க அரசியல் சாசனத்தில் கையெழுத்திடும் நாள். 81 வயது, நின்று பேச முடியாமல் அவர் உரையை ஜேம்ஸ் வில்சன் வாசிக்கிறார். இந்தச் சாசனத்தில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு, ஆனால் வயது ஏற ஏற என் முடிவுகளையே சந்தேகிக்கக் கற்றிருக்கிறேன், நீங்களும் உங்கள் தவறாமையைக் கொஞ்சம் சந்தேகித்துக் கையெழுத்திடுங்கள் என்கிறார். இதைவிடப் பக்குவமான அரசியல் பேச்சை நான் வாசித்ததில்லை. பத்தே மாதம் கழித்து, 1788 ஜூலை 17, உயில். மகனுக்கு நோவா ஸ்கோஷியாவில் கொஞ்சம் நிலம், ஏற்கெனவே அவரிடம் இருக்கும் புத்தகங்கள், கடன் தள்ளுபடி. போரில் எனக்கெதிராக அவன் நடந்துகொண்டது ஊரறிந்தது, அதற்கு மேல் தராததன் காரணம் அதுதான் என்று விளக்கமும் எழுதிவைத்தார்.

அட்டவணை சுவரிலேயே இருக்கட்டும், கெடுதல் ஒன்றுமில்லை. தேர்வு முடிந்ததும் அந்த ஆகஸ்ட் 16 கடிதத்தை முழுதாகப் படியுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்கு நேர் முந்தைய வில்லியமின் கடிதத்தையும் விடாமல் படியுங்கள். இரண்டையும் படித்த பிறகும் துரோகி என்றுதான் தோன்றினால், எழுதுங்கள், சண்டை போடலாம்.