இரண்டு கணினிகள், நடுவே ஒரு கேபிள்: கேள்வி பதில்

கேள்வி: பழைய மேசைக் கணினியையும் புதிய லேப்டாப்பையும் நேரடியாக இணைக்க, அனுப்பும் கம்பிகளும் பெறும் கம்பிகளும் இடம் மாற்றிக் கோத்த கிராஸ்ஓவர் கேபிள்தான் வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா, ஐயா?

பதில்: இரண்டில் ஒன்றிலாவது கிகாபிட் போர்ட் (நொடிக்கு 1,000 மெகாபிட் வேகத்தில் இயங்கும் லேன் போர்ட்) இருந்தால், பெரும்பாலும் சாதாரண லேன் கேபிளே போதும், எந்தக் கம்பி ஜோடியில் அனுப்புவது, எதில் பெறுவது என்பதை அந்தப் போர்ட் தானே மாற்றிக்கொள்ளும். செருகியதும் போர்ட்டின் ஓரத்தில் சிறு விளக்கு எரிந்தால், மறுபடியும் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கேள்வி: விளக்கு எரிகிறது. ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது. கேபிள் பழுதா?

பதில்: இல்லை. வழக்கமாக முகவரி வழங்கும் ரவுட்டர் நடுவில் இல்லாததால், விண்டோஸ் சற்று நேரம் காத்திருந்துவிட்டுத் தானே ஒரு முகவரியை வைத்துக்கொள்கிறது. இரண்டும் அதே வரிசையில் இருந்தால் இணைப்பு நடக்கும் என்றாலும், ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று நாமே கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம். கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதை நிரப்பினால், வைஃபையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இணையம் கேபிள் பக்கம் வழி தேடிப் போய் நின்றுவிடக்கூடும். வைஃபை முகவரியும் 192.168.50 என்றே தொடங்கினால் வேறு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: லேப்டாப்பிலிருந்து பிங் (மறுகணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்தால் பதில் வருகிறது, மேசைக் கணினியிலிருந்து செய்தால் வருவதில்லை.

பதில்: ஒரு பக்கம் போய்த் திரும்புகிறது என்றாலே கேபிளும் முகவரியும் சரி. லேப்டாப்பின் ஃபயர்வால்தான் மறிக்கிறது. அடையாளம் தெரியாத நெட்வொர்க்கை விண்டோஸ் பொது இடமாகவே கருதும். ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, அது வேண்டாம். அந்த இணைப்பைத் தனிப்பட்ட நெட்வொர்க்காக மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்குங்கள்.

கேள்வி: பகிர்ந்த ஃபோல்டரைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. நான் கடவுச்சொல்லே வைக்கவில்லையே?

பதில்: அதனால்தான் சிக்கல். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. ஃபோல்டர் இருக்கும் கணினியின் கணக்குக்கு ஒன்றை வையுங்கள். திரையைத் திறக்கும் பின் எண் இங்கே செல்லாது.

கேள்வி: 40 ஜிபி படங்களை நகலெடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டிலும் கிகாபிட் போர்ட்தான்.

பதில்: கணக்குப் பார்த்தால் நொடிக்கு 11 எம்பி, அதாவது 100 மெகாபிட் வேகம். அதற்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும் வேண்டும். என் வீட்டிலும் இதே கதைதான்: கண்ணாடி போன்ற பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, நீலக் கம்பி மட்டும் நுனியைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் பின்வாங்கி நின்றது. நுனியை வெட்டிவிட்டுப் புதிய பிளக்கைக் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்துங்கள். வட்டுகள் ஈடுகொடுத்தால் அதே படங்கள் ஆறேழு நிமிடங்களில் வந்து சேரும்.