எந்த உடையிலிருந்து வந்த பேட்டர்ன்?

வணக்கம்.

பழைய ஐரோப்பிய உடைகளைத் தைப்பது பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். தையல் எனக்குப் புதிதல்ல, என் உடைகளைப் பல வருடங்களாக நானே தைத்துக்கொள்கிறேன். இப்போது 1780களில் ஆங்கிலப் பெண்கள் போட்ட கவுன் ஒன்றைத் தைக்க ஆசை. உறையில் அழகான படம் போட்ட பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான தாள் வடிவங்கள்) ஒன்றை வாங்கி, உறையில் என் அளவுக்கு எந்த சைஸ் போட்டிருந்ததோ அதையே வெட்டினேன். இடுப்பில் மூன்று அங்குலம் லூஸ். பின்னால் ஜிப். உறைப் படத்தைப் போலவும் இல்லை, அந்தக் காலத்து ஓவியங்களைப் போலவும் இல்லை. சரி, புத்தகம் வாங்கிப் படித்துவிட்டே இறங்கலாம் என்று தேடினால் பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன, விலையும் அதிகம். இரண்டு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எவை? நல்ல பேட்டர்ன் எது என்று வாங்குவதற்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தையலில் குறை எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று அங்குல லூஸும் ஜிப்பும் பேட்டர்னிலேயே இருந்தவை. பெரிய பேட்டர்ன் கம்பெனிகள் வேடத்துக்கென்று போடும் உடைகளை, உள்ளே இறுக்கமான உள்ளாடை எதுவும் இல்லாத இன்றைய உடம்புக்கு, யார் போட்டாலும் நுழையும்படி வரைகிறார்கள். ஒரு மாலை நேரத்துக்கு மேடையில் போட்டுக் கழற்ற அது போதும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இன்று நாம் பயன்படுத்தும் ஜிப் 1910களில்தான் உருவானது. நீங்கள் தைக்க நினைக்கும் கவுனின் முன்பக்கத்தைப் பெரும்பாலும் குண்டூசியால்தான் குத்தி மூடினார்கள்.

எனக்கும் ஆரம்பத்தில் இதேதான் நடந்தது. நல்ல துணி, ஒரு மாத உழைப்பு, போட்டுப் பார்த்தால் முன்பக்கம் மார்புக்குக் கீழே குழிந்து, இடுப்பில் சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது. எங்கே தப்பு செய்தேன் என்று தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பல மாதம் கழித்து, அதே காலத்துக் கவுன் ஒன்றின் வெட்டு வரைபடத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தபோதுதான், நான் தைத்த துண்டுகளில் ஒன்றுகூட அந்தக் காலத்துத் துண்டு இல்லை என்று புரிந்தது.

அதற்குப் பிறகு எந்தப் பேட்டர்னை எடுத்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். இது எந்த உடையிலிருந்து வந்தது? அருங்காட்சியகத்தில் இருக்கும் நிஜ உடை ஒன்றை அளந்து வரைந்ததா, அந்தக் காலத்துத் தையல்காரர் எழுதிவைத்த கையேட்டிலிருந்து வந்ததா, ஓவியத்தைப் பார்த்து ஊகித்ததா, இல்லை இன்றைய சட்டைப் பேட்டர்னையே நீட்டி லேஸ் வைத்ததா? முதல் இரண்டு வகை என்றால் தயாரித்தவர் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டார், ஏனென்றால் அதற்காக அவர் பட்ட பாடு பெரிது. எந்தச் சேகரிப்பு, எந்த ஆண்டுவாக்கில் தைத்தது, எதை மாற்றினார், எதை அப்படியே விட்டார் என்று உறையிலோ உள்ளே இருக்கும் கையேட்டிலோ எழுதியிருப்பார். வெறுமனே ‘பதினெட்டாம் நூற்றாண்டு கவுன்’ என்று மட்டும் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 1720இன் கவுனும் 1790இன் கவுனும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நூற்றாண்டு என்று நம்ப முடியாது.

எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் பின்பக்கத்து வரைபடத்தைப் பாருங்கள், முன்பக்கத்துப் படத்தில் மயங்க வேண்டாம். உங்கள் காலத்துக் கவுனில் முதுகு மிகவும் ஒடுக்கமாக இருக்கும். தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது, நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும். முதுகுத் துண்டுகள் இரண்டு வழியில் வரும். ஒன்று, துணியை மடிப்பு மடிப்பாக வைத்து முதுகில் தைத்து, அதே துணி இடுப்பில் அறுபடாமல் பாவாடையாக இறங்குவது. இன்னொன்று, முதுகைத் தனித் துண்டுகளாக வெட்டி, வளைந்த தையல்கள் கீழே ஒரு முனையில் வந்து சேர, பாவாடையைப் பொடி மடிப்பாகத் தனியே பொருத்துவது. 1780களில் இரண்டாவது வகைதான் அதிகம். அப்புறம், முன்பக்கத்தில் மார்பு வளைவுக்காகத் துணியை மடித்துத் தைத்து டக் பிடித்திருந்தாலோ, தோளிலிருந்து இடுப்பு வரை நீளமாக ஒரு தையல் இறங்கினாலோ சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்து ஸ்டேஸ், அதாவது கார்செட்டுக்கு முந்தைய, விறைப்பான குச்சிகள் வைத்துத் தைத்த இறுக்கமான உள்ளாடை, உடம்பைக் கூம்பு மாதிரி வழுவழுப்பாக ஆக்கிவிடும். கூம்பின் மேல் துணியைப் போர்த்த டக் எதற்கு?

இதே இடத்தில் சைஸ் விஷயத்தையும் முடித்துவிடலாம். உறை மேல் இருக்கும் எண்ணை நம்பவே வேண்டாம், தாளை அளந்து பாருங்கள். இடுப்புக் கோட்டில் ஒவ்வொரு துண்டையும் டேப் வைத்து அளந்து, தையலுக்கு விட்ட பகுதியைக் கழித்து (அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் ஒவ்வொரு ஓரத்திலும் ஐந்தெட்டு அங்குலம் விடுவார்கள்), கூட்டி, பாதி உடம்புக்கு வந்ததை இரட்டித்தால் தைத்து முடித்த அளவு வந்துவிடும். உங்கள் இடுப்பு 30, தாளின் கணக்கு 33 என்றால், கத்தரியை எடுப்பதற்கு முன்பே அந்த மூன்று அங்குலம் தெரிந்திருக்கும். இந்த வகைக் கவுனின் மேற்பகுதிக்கு லூஸ் என்று கிட்டத்தட்ட எதுவுமே வேண்டாம். ஆனால் உடம்பு அளவை ஸ்டேஸ் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும். இடுப்பு மட்டும் குறையும் என்று நினைக்காதீர்கள், மார்பு மேலே ஏறும், தோள் பின்னால் போகும், முன்பக்க நீளமே மாறிவிடும்.

இனி புத்தகங்கள்.

இரண்டுதான் என்றால் ஜேனட் ஆர்னால்டின் ‘பேட்டர்ன்ஸ் ஆஃப் ஃபேஷன்’ முதல் தொகுதி ஒன்று, லாரன் ஸ்டோவெலும் ஆபி காக்ஸும் 2017இல் எழுதிய ‘தி அமெரிக்கன் டச்சஸ் கைட் டு எய்ட்டீன்த் செஞ்சுரி டிரெஸ்மேக்கிங்’ இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகின்றன, அதனால்தான் இந்த ஜோடி.

ஆர்னால்ட் அருங்காட்சியகங்களுக்குப் போய், உடைகளை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து, கையாலேயே வரைந்தவர். முதல் தொகுதி 1964இல் வந்தது. 1660 முதல் 1860 வரையிலான ஆங்கிலப் பெண்களின் உடைகள் அதில் இருக்கின்றன. வரைபடங்கள் எட்டில் ஒரு பங்கு அளவில், கட்டம் போட்ட தாளில் இருக்கும், ஒரு பொடிக் கட்டம் நிஜத்தில் ஒரு அங்குலம். ஓரங்களில் எந்த இடத்தில் எந்தத் தையல், எங்கே துண்டு ஒட்டுப்போட்டிருக்கிறது என்றெல்லாம் சின்ன எழுத்தில் குறித்திருப்பார். அந்தக் குறிப்புகளை விட்டுவிட்டுப் படம் மட்டும் பார்ப்பவர்களுக்குப் புத்தகத்தின் பாதி போய்விடும். உதாரணமாக, ஒரு கவுனின் பாவாடையில் இத்தனை ஒட்டு எதற்கு என்று தோன்றும். அந்தக் காலத்து ஆங்கிலப் பட்டு சுமார் 20 அங்குல அகலத்தில்தான் நெய்யப்பட்டது. நீங்கள் இன்று வாங்கும் துணியில் அந்த ஒட்டுகள் தேவைப்படாமல் போகலாம், ஆனால் மடிப்புகள் எங்கே விழுகின்றன என்பதை அந்த ஒட்டுக் கோடுகளை வைத்துத்தான் பிடிக்க முடியும்.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த வரைபடம் ஒரே ஒரு பெண்ணின் உடம்பு. அவள் தோள் அகலம், அவள் முதுகு நீளம். தையலுக்கான துணியும் அதில் சேர்க்கப்படவில்லை. ஜெராக்ஸில் பெரிதாக்கி அப்படியே வெட்டினால் உங்களுக்குப் பொருந்தாது, போதாததற்குப் புத்தகத்தின் நடு மடிப்புக்குப் பக்கத்தில் கோடுகள் வளைந்தும் போகும். ஒரு அங்குலக் கட்டத் தாளில் புள்ளி புள்ளியாக எடுத்து நீங்களே வரையுங்கள். வரையும்போதே கைக்கு ஒரு அறிவு வந்துவிடுகிறது, இந்த வளைவு ஏன் இவ்வளவு ஆழம், இந்தத் துண்டு ஏன் கிராஸில் போகிறது என்று. அதன்பின் மலிவான துணியில் ஒன்று தைத்து, ஸ்டேஸ் மேல் போட்டு, அங்கங்கே கிள்ளிக் குண்டூசி குத்தி, அந்தத் துணியையே உங்கள் பேட்டர்னாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்னால்ட் துண்டுகளைக் காட்டுவார், எந்த வரிசையில் சேர்த்தார்கள் என்பதைப் படிப்படியாகச் சொல்லித்தர மாட்டார். அதற்குத்தான் இரண்டாவது புத்தகம். 1740களிலிருந்து 1790கள் வரை நான்கு கவுன்களைக் கையால் தைப்பதைப் படம் படமாகக் காட்டுகிறது, உங்கள் 1780களுக்கு நேராகப் பொருந்தும் ‘இத்தாலியன் கவுன்’ அதில் உண்டு. கை வைக்கும் விதத்தை மட்டும் சொல்கிறேன், ஏன் இந்தப் புத்தகம் வேண்டும் என்று புரியும். நாம் எல்லோரும் தோளை மூட்டி, வட்டமாக வந்த ஆர்ம்ஹோலில் கையைச் சுற்றிப் பொருத்துவோம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கையின் கீழ்ப் பாதியை மட்டும் அக்குள் பக்கம் தைப்பார்கள். பிறகு உடையை ஆளுக்குப் போட்டுவிட்டு, கையின் மேல் பாதியைத் தோளில் இருக்கும் லைனிங் மேல் இழுத்து, மிஞ்சியதைச் சின்னச் சின்ன மடிப்பாக அடுக்கிக் குண்டூசி குத்துவார்கள். அந்தப் பிசிறு ஓரங்களின் மேல் மேல்துணியில் வெட்டிய தோள் பட்டித் துண்டை வைத்து, வெளியிலிருந்தே தைத்து மூடிவிடுவார்கள். போட்டிருப்பவரின் தோள் எப்படியோ அப்படிக் கை உட்காரும். முதல் தடவை இப்படி வைத்தபோது, கையைத் தூக்கினால் இடுப்பு கூடவே மேலே வரவில்லை என்பதைப் பார்த்து, நான் வெகுநேரம் கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தேன்.

தையலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொடித் தையலாகப் போட வேண்டும் என்று பயப்படாதீர்கள். உள்ளே போடும் லினன் ஷிஃப்டில்தான் தையல் மிகப் பொடியாக இருக்கும், அது திரும்பத் திரும்பத் துவைத்து அடிபடுவது. கவுன் தையல்கள் பல இடங்களில் நாம் எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாகவே இருக்கும். பட்டுதான் விலை, கூலி இல்லை. இன்னொரு நாள் பிரித்துப் புது மோஸ்தரில் தைக்க வேண்டிவரும் என்று தெரிந்தே தைத்தார்கள். 1740களில் நெய்த பட்டு 1780களின் வெட்டில் அருங்காட்சியகங்களில் இருப்பது இதனால்தான். துணியின் பூ வேலைப்பாட்டைப் பார்த்து உடையின் காலத்தைச் சொல்லக் கூடாது என்பதும் இதனால்தான்.

மற்ற பெயர்களை நூலகத்தில் கிடைத்தால் பாருங்கள். லிண்டா பாம்கார்ட்டனின் ‘காஸ்ட்யூம் குளோஸ்-அப்’ 1750 முதல் 1790 வரை மட்டுமே பேசுகிறது, அமெரிக்காவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகச் சேகரிப்பின் உடைகள், மூன்றாவதாக ஒன்று வாங்க முடிந்தால் இதுதான். நோரா வா 1968இல் வந்த ‘தி கட் ஆஃப் விமன்ஸ் குளோத்ஸ்’ நூலில் வெட்டு வரைபடங்களோடு அந்தந்தக் காலத்துக் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் சேர்த்துத் தருகிறார், படிக்கவே சுகமான புத்தகம். நான்சி பிராட்ஃபீல்டின் ‘காஸ்ட்யூம் இன் டீடெய்ல்’ முழுக்க ஓவியக் குறிப்பேடு மாதிரி, கொக்கி எங்கே, நாடா எங்கே என்று உள்பக்கத்தைக் காட்டும். ஜீன் ஹன்னிசெட்டின் புத்தகங்கள் மேடைக்கும் திரைக்கும் தைப்பவர்களுக்கானவை, பேட்டர்னை இன்றைய உடம்புக்கு ஏற்ப மாற்றியே தருகிறார். நாடகக் குழுவுக்குப் பத்து உடை தைக்க வேண்டியவருக்கு ஆர்னால்டைவிட இவரைத்தான் சொல்வேன். உங்களுக்கு இப்போது வேண்டாம்.

செலவே இல்லாமல் பழக வேண்டும் என்றால், லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் உள்ள சில உடைகளின் வரைபடங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் இரண்டின் தளங்களிலும் 1780களின் கவுன்களைத் தேடிப் பின்பக்கப் படங்களை மட்டும் சேர்த்துவையுங்கள்.

கையில் இருக்கும் அந்த உறைப் பேட்டர்னைத் திருத்த முயல வேண்டாம். அதில் செலவழிக்கும் நேரத்தில் ஸ்டேஸ் ஒன்று தைத்துவிடலாம், அதிலிருந்துதான் தொடங்கவும் வேண்டும். ஸ்டேஸுக்கு மட்டும் தனிப் பேட்டர்ன் வாங்குவதில் தவறில்லை, ஜே. பி. ரயன் என்ற பெயரில் வருபவை பலரும் தைத்துப் பார்த்தவை. முடித்ததும் அதைப் போட்டுக்கொண்டு மார்பு, இடுப்பு, கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை முதுகு நீளம், இரண்டு அக்குளுக்கு நடுவே முதுகு அகலம் இந்த நான்கையும் எடுத்து எனக்கு எழுதுங்கள். ஆர்னால்டின் எந்தக் கவுனிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு வெட்டுவேலை குறையும் என்று பார்த்துச் சொல்கிறேன்.