முற்றொருமையை முதல் நாளே போர்டில் எழுதலாமா?

முக்கோணவியல் முற்றொருமைகளை, அதாவது எல்லாக் கோணத்துக்கும் பொருந்தும் சூத்திரங்களை, வகுப்பில் தொடங்குவது பற்றி குமரி மாவட்டத்தின் பல பக்கமிருந்தும் கேட்டிருந்தீர்கள். பல வருடம் கணக்கு எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தக்கலை, ஆசிரியை: டீச்சர், மூன்று முற்றொருமைகளையும் முதல் நாளே எழுதிப் போட்டுவிடலாமா?

வேண்டாம் டீச்சர். முதல் நாள் ஸ்கேலும் பாகைமானியும் போதும். கர்ணம் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) 10 செ.மீ. வைத்து, கோணத்தை அவரவர் இஷ்டத்துக்கு எடுத்து, செங்கோண முக்கோணம் வரையட்டும். மற்ற இரண்டு பக்கங்களையும் அளந்து, பத்தால் வகுத்து, வர்க்கமாக்கிக் கூட்டட்டும். 37 டிகிரி போட்ட பிள்ளைக்கு 0.36, 0.64 வரும், கூட்டினால் 1. 50 டிகிரி போட்டவனுக்கு 7.7, 6.4 என்று அளவு வந்து, விடை 1.0025 ஆகும். “எல்லாருக்கும் ஏன் ஒன்றுகிட்டயே வருது?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதுவரை பொறுங்கள். அப்புறம் பிதாகரஸ் தேற்றத்தை எழுதி, கர்ணத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் காஸ்; ஆகவே சைன்² + காஸ்² = 1. அடுத்துள்ள பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 1 + டேன்² = சீக்² (டேன் = எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம், சீக் = கர்ணம் ÷ அடுத்துள்ள பக்கம்). மூன்றாவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

குலசேகரம், மாணவி: அப்பா ரப்பர் பால் வெட்டுறாங்க டீச்சர். எங்க வீட்டுக்கு இந்தக் கணக்கு எதுக்கு?

மக்ளே, ஒட்டுக்கன்று வைத்து வளர்ந்த மரத்தில் வெட்டு 30 டிகிரி சரிவாக இறங்கும். வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்ததும் ஒரு தாளை மரத்தில் சுற்றிப் பிடித்து, வெட்டின்மேல் பென்சிலை ஓட்டு. தாளை விரித்தால் வெட்டு நேர்கோடாகிவிடும், அதுதான் கர்ணம். வெட்டு 40 செ.மீ. இருந்தால், மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் உயர வித்தியாசம் 20 செ.மீ. சைன் 30 என்பது அரை. காஸ் 30 என்பது √3/2. வர்க்கங்கள் கால், முக்கால்; சேர்த்தால் ஒன்று. இதை அப்பாவுக்கும் காட்டு, சந்தோஷப்படுவார்.

மார்த்தாண்டம், பெற்றோர்: சமன்பாடு, முற்றொருமை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சைன் = காஸ் என்பது, குறுங்கோணங்களில் 45 டிகிரிக்கு மட்டும் பொருந்தும் சமன்பாடு. இரு பக்கமும் மதிப்புள்ள எல்லாக் கோணத்துக்கும் பொருந்தினால்தான் முற்றொருமை.

நாகர்கோவில், மாணவன்: நிரூபிக்கும் கணக்கில் பாதியில் நின்னுடுறேன்.

சிக்கலான பக்கத்தை எடு. டேன், சீக் எல்லாவற்றையும் சைன், காஸாக மாற்று. நிரூபிக்க வேண்டியதையே உண்மை என்று வைத்து, உறுப்புகளைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் தள்ளாதே. நிறைய பேர் மார்க் விடுவது அங்கேதான். (1 – காஸ்) கீழே வந்தால், மேலும் கீழும் (1 + காஸ்) கொண்டு பெருக்கு. கீழே சைன்² ஆகிவிடும்.