ஸ்காபரோவில் வாழை வைக்கக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஊர் யாழ்ப்பாணத்து நீர்வேலி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பக்கத்து ஊர் கோப்பாய். உங்கள் ஊர் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் ஓடித் திரிந்தவன்.

செப்டம்பரில் கனடாவுக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள், நாலு பேராக ஒரு பேஸ்மென்டில் இருக்கிறீர்கள். அறையில் வாழைக்குட்டி வைக்கலாமா, குலை போடுமா, அம்மா வரும்போது ஊரிலிருந்து கதலிக் குட்டி கொண்டுவரலாமா என்று கேட்டீர்கள். பகுதி நேர வேலை, எந்த வங்கி, எந்த ஃபோன், லைசென்ஸ் எடுப்பது எப்படி என்றும் கேட்டீர்கள். அந்த நாலையும் உங்களோடு இருக்கிற பெடியன்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள், அதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. கடன்பட்டாவது நல்ல குளிர்ச் சப்பாத்து ஒன்று வாங்குங்கள். அது போதும். வாழையைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் அறையில் வாழை வைக்காதீர்கள். அங்கே சூடு இருக்கிறது, வெளிச்சம் இல்லை. வாழைக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. சூடு அதை வளரச் சொல்லும், வெளிச்சம் இல்லாமல் அது எதை வைத்து வளரும்? குருத்து வெளிறி, கழுத்து மெலிந்து, கை பட்டாலே சாய்ந்துவிடும். ஒன்றில் சூட்டையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்து நிறுத்த வேண்டும். ஊரில் நாங்கள் மரம் என்று சொல்வது தடல்களின், அதாவது இலைகளின் அடிமட்டைகளின், அடுக்கு. உயிர் இருப்பது கிழங்கில். பதினைந்து பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வாழை வளர்ச்சியை நிறுத்திவிடும். உறைபனி பட்டால் ஒரே இரவில் இலை கறுத்துத் தொங்கும். ஆனால் மண்ணுக்குள் கிழங்கு உறையாத வரை, செத்துவிட்டது என்று எறியக் கூடாது.

இதைச் சொல்லித்தர எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. நான் 1989 நவம்பரில் வந்தேன். ரொறன்ரோ சென்ட் ஜேம்ஸ் டவுனில் ஒரு படுக்கையறை வீட்டில் ஏழு பேர். இரவில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். அடுத்த மாசியில் அப்பாவின் ஆட்டைத் திவசம் வந்தது. ஊரில் அம்மா இலை போட்டுப் படைப்பார், நான் இங்கே என்ன செய்வது? நுனியிலை ஒன்றுக்காகப் பனிக்குள் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் சீனக் கடையொன்றில் உறைந்த இலைப் பொதி கிடைத்தது. வீட்டில் பிரித்தால் எல்லாம் துண்டு துண்டாக, பச்சை போய்க் கறுத்து, ஈரச் சீலை மாதிரி இருந்தது. அதன்மேல்தான் சோறு போட்டுப் படைத்தேன். என்றைக்காவது இந்த ஊரில் நானே ஒரு வாழை வைப்பேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது தமிழ்க் கடைகளில் பச்சை இலையே வாங்கலாம். இருந்தாலும் சொந்த மரத்தில் வெட்டுகிற இலை வேறு.

அதனால் உங்களுக்கு முதல் எச்சரிக்கை இதுதான். மே மாதத்தில் இங்குள்ள பூங்கன்றுக் கடைகளில் இலையின் முதுகு சிவந்த, கண்ணைப் பறிக்கிற ஒரு வாழையை ‘சிவப்பு வாழை’ என்று அட்டை எழுதி விற்பார்கள். நம்மவர்கள் செவ்வாழை என்று நினைத்து வாங்குகிறார்கள். நானும் 1996இல் அப்படித்தான் வாங்கினேன். மூன்று வருஷம் சாடியைத் தூக்கி உள்ளே வைத்தேன், வெளியே வைத்தேன். ஒரு குட்டி வரவில்லை. தொழிற்சாலையில் என்னோடு நின்ற எதியோப்பிய நண்பர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அதைப் பார்த்தவுடன் சிரித்து, இது எங்கள் மரமல்லவா என்றார். அதன் பெயர் என்செட். வாழைக்கு உறவு, ஆனால் வாழை இல்லை. தானாகப் பக்கக்குட்டி வைக்காது. ஒருமுறை பூத்தால் அதோடு முடிந்துவிடும், பழம் முழுக்கக் கல் மாதிரி விதை. தெற்கு எதியோப்பியாவில் அதன் கிழங்கையும் தண்டையும் சுரண்டி, குழியில் புளிக்க வைத்து, கொச்சோ என்று ரொட்டி சுடுகிறார்களாம். அதைச் சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அவருக்கும் அது தாயின் முற்றத்து மரம். நான் சாடியோடு அவருக்கே கொடுத்துவிட்டேன். அழகுக்கு வேண்டுமானால் அதை வாங்குங்கள், இலைக்கும் பழத்துக்கும் வாங்காதீர்கள்.

இணையத்தில் நீல வாழை, குட்டை வாழை என்று விதைப் பொதி விற்கிறார்களே, அதற்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டாம். நாங்கள் சாப்பிடுகிற வாழைக்கு விதை ஏது? நீர்வேலிப் பிள்ளைக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், கதலிக் குட்டி கொண்டுவரக் கூடாது. வேரோடு செடி கொண்டுவர அனுமதிப் பத்திரமும் அங்கிருந்து நோயில்லைச் சான்றிதழும் வேண்டும், மண்ணைக் கொண்டுவரவே முடியாது. பெட்டிக்குள் சேலையில் சுற்றிக் கொண்டுவந்தேன் என்று கொண்டாட்ட வீடுகளில் பெருமையாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் உண்மையான கோபம். முடிக்கொத்து நோய் இலங்கையில் 1913இலேயே கண்டறியப்பட்டது. பிறகு அது கேரளத்துக்கும் போனது. வாழைப் பேன் என்கிற சிறு பூச்சி பரப்புகிற வைரஸ் அது. வந்த குட்டியின் இலைகள் உச்சியில் ஒடுங்கிக் கொத்தாக நிற்கும், குலை வராது. நோய் உள்ளே இருந்தாலும் குட்டி வெளியே நல்லாகத்தான் தெரியும், குட்டியோடுதான் அது நாடு விட்டு நாடு போகிறது. கனடாவில் வாழைத் தோட்டம் இல்லையே, யாருக்கு நட்டம் என்று என்னிடம் கேட்டார்கள். இங்கே கண்ணாடி வீடுகளில் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டுச் சாடிகள் இருக்கின்றன. உழைத்து வளர்க்கிறவன் அப்படிக் கேட்க மாட்டான்.

சரி, எதை வாங்குவது? யன்னலோரம் வளர்க்கக் குட்டைக் கவென்டிஷ். வெளியே நிலத்தில் வைக்க பாஸ்ஜூ. இந்த இரண்டு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர் நாட்டில் வாழையா என்று என்னைப் பைத்தியக்காரனாகப் பார்த்தவர்களுக்கு நான் கவென்டிஷ் கதையைத்தான் சொல்வேன். இன்று உலகம் முழுக்கக் கப்பலில் போகிற மஞ்சள் பழம் இங்கிலாந்தின் கண்ணாடி வீடொன்றில் பெயர் எடுத்தது. டெவன்ஷயர் கோமகன் வில்லியம் கவென்டிஷின் சற்ஸ்வர்த் மாளிகையில் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பக்ஸ்டன், மொரிசியஸ் வழியாக வந்த ஒரு வாழையை வாங்கி, சூடேற்றி, சேறும் தண்ணீரும் கொடுத்து, 1835 நவம்பரில் பூக்க வைத்து, அடுத்த வருஷம் மே மாதத்தில் பழம் கண்டார். அந்தக் கோமகனின் பெயர்தான் பழத்துக்கு வந்தது. அங்கிருந்து போன குட்டிகள் பசிபிக் தீவுகள்வரை சென்றன. எங்கள் ஊரில் தானாக வருகிற ஒன்றை அவர் நிலக்கரிச் சூட்டில் வளர்த்திருக்கிறார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை அதிகம்.

குட்டைக் கவென்டிஷ் சாடியில் ஆறடி, ஏழடி வளரும். தெற்குப் பார்த்த பெரிய யன்னல் வேண்டும், அதுவும் போதாது. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு எல்ஈடி விளக்கைப் பன்னிரண்டு மணித்தியாலம் எரிய விட வேண்டும். சூட்டுக் காற்று வருகிற தரைத் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அந்த வறண்ட காற்றில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி பிடிக்கும், கண்ணுக்கு மாத் தூவின மாதிரித்தான் தெரியும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் இலையின் இரண்டு பக்கமும் துடைத்துவிடுங்கள். நான் சனிக்கிழமைகளில் முழுக்குப் போய் வந்ததும் அந்த வேலையைச் செய்வேன்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். நூறு பேர் வாழையைச் சாகடித்தால் தொண்ணூறு பேர் மாரியில் தண்ணீர் ஊற்றித்தான் சாகடிக்கிறார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். எங்கள் கை பழகின கை, தம்பி. கிணற்றுத் தண்ணீரை வாய்க்கால் கட்டிப் பாத்தி நிரப்பின கை. வாழை என்றால் தண்ணீர் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஆடி மாதம் அது சரி, இங்கேயும் கோடையில் தினமும் ஊற்றலாம், வாரம் ஒரு புது இலை விரியும், வாராவாரம் உரமும் கேட்கும். ஆனால் ஜனவரியில் மாதத்துக்கு ஒரு இலை வந்தாலே பெரிது. அப்போது மேல் மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம். உரம் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த ஈர மண்ணில் கிழங்கு அழுகும். அழுகினால் ஒரு மணம் வரும், ஒருமுறை மணந்தால் மறக்க மாட்டீர்கள்.

இடம் இல்லாத ஆளுக்கு இன்னொரு வழி இருக்கிறது, உங்களுக்கு அதுதான் சரி. இங்கே பல வீடுகளில் முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே கோல்ட் ரூம் என்று ஒரு சிறு அறை இருக்கும். சனம் அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கிற இடம். ஐந்து பாகைக்கும் பத்து பாகைக்கும் நடுவே நிற்கும். ஒக்டோபர் நடுவில், முதல் உறைபனிக்கு முன், குருத்தை மட்டும் விட்டு எல்லா இலையையும் வெட்டுங்கள். வேர் மண்ணைத் தட்டி, ஒருநாள் தலைகீழாகச் சாத்தி நீரை வடிய விட்டு, காகிதத்தில் சுற்றி அங்கே படுக்கப் போடுங்கள். ஏப்ரல்வரை தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை. வெளித் தடல் காய்ந்து கடதாசி மாதிரி ஆகும், பயப்படாதீர்கள். கிழங்கை அமத்திப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் உயிரோடு இருக்கிறது.

ஆனால் வீட்டுக்காரரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாரியில் நான் இரவு வேலைக்குப் போன நேரம், நான் குடியிருந்த வீட்டுக்காரர், நம்மவர்தான், என் இரண்டு வாழைகளையும் தூக்கிப் பனிக்குள் போட்டுவிட்டார். குப்பை என்று நினைத்தேன் என்றார். காலையில் வந்து பார்த்தபோது கிழங்கு கல்லாக உறைந்திருந்தது. வாடகையை ஒருநாளும் பிந்திக் கொடுக்காதவன் நான். முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்து வீடு வாங்கினவர்களில் சிலர், தாங்கள் பட்டதை எல்லாம் புதிதாக வருகிற பிள்ளையும் படத்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். அது தவறு. நான் அப்படி இருக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் வீடு வாங்கின பிறகு பாஸ்ஜூ வைத்தேன். தெற்குச் சீனத்து வாழை, பழம் சாப்பிட உதவாது, ஆனால் இலை நீளமாக, பச்சையாக வரும். வீட்டின் தெற்குச் சுவரோடு ஒட்டி நட்டேன், பேஸ்மென்ட் சூடு மண்ணுக்குக் கசியும். முதல் உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை இடுப்பளவுக்கு வெட்டுவேன். சுற்றிக் கம்பி வலை வளைத்து, காய்ந்த மேப்பிள் சருகை நெருக்கி நிரப்பி, மேலே ஒரு தகரம். மழை உள்ளே போகக் கூடாது, குளிரைவிட ஈரம்தான் அழிக்கும். ஊரில் வாழைச் சருகு, இங்கே மேப்பிள் சருகு. வெளியே மைனஸ் இருபது பாகை போன மாரியிலும் அடியில் கிழங்கு தப்பியது. ஏப்ரல் கடைசியில் பிரித்தால் நடுவிலிருந்து வெண்பச்சையாகக் குருத்து ஊசி மாதிரி எழும்பி நிற்கும். என் மனைவி அதைப் பார்த்தால்தான் வசந்தம் என்று சொல்வார்.

குலையா? நிலத்தில் வைத்தது இங்கே தராது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வாழை முப்பது நாற்பது இலை விட்டபிறகே பூப்பொத்தி தள்ளும், ரொறன்ரோ கொடுப்பது ஐந்து மாதச் சூடு. சாடிக் கவென்டிஷ் ஒருமுறை எனக்குத் தந்தது, ஐந்தாவது வருஷம், மாசி மாதம், வரவேற்பறைக்குள். வெளியே முழங்கால் பனி, உள்ளே பொத்தி ஒவ்வொரு மடலாகத் தூக்கிக்கொண்டிருந்தது. மூன்று சீப்பு. பழுக்க ஆவணி ஆயிற்று. முதல் சீப்பைக் கோயிலுக்குக் கொடுத்தேன். இரண்டாவதை அம்மா கையில் கொடுத்தேன், அப்போது அம்மாவும் இங்கே வந்திருந்தார். அவர் ஒரு பழத்தை உரித்து, மணந்து பார்த்து, கதலி இல்லை, ஆனாலும் வீட்டுப் பழம் என்றார். அந்தப் பொத்தியை வறை வறுத்தோம்.

இப்போது மாரி தொடங்குகிறது, நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டாம். வாழையைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் நகரத்துக்குள் அலன் கார்டன்ஸ் போங்கள். 1910இல் கட்டின கண்ணாடி மண்டபம், காசு இல்லை, பனைகளோடு வாழையும் நிற்கிறது. வந்த முதல் மாரியில் நான் சம்பளமில்லாத நாட்களில் அங்கே போய் ஒரு மணித்தியாலம் இருப்பேன். கதவைத் திறந்தவுடன் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். ஈர மண் மணம் வரும்.

மே மாதம் விக்டோரியா நாள் வார இறுதியில் நான் குட்டி பிரிப்பேன். உங்களுக்கு ஒரு கவென்டிஷ் குட்டி எடுத்து வைக்கிறேன். சாடி கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது. பேருந்தில்தான் வருவீர்கள், ஆகவே இலையை மடித்துக் கட்டித் தருகிறேன். கொண்டுபோன முதல் வாரம் நேர் வெயிலில் வைக்காதீர்கள், யன்னலுக்குள் வளர்ந்த இலை வெந்துவிடும். நிழலில் இரண்டு மணித்தியாலம், அடுத்த நாள் மூன்று, அப்படிக் கூட்டுங்கள். கோல்ட் ரூம் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். அவர் மாட்டேன் என்றால் ஒக்டோபரில் என்னிடமே கொண்டுவாருங்கள், என் மரங்களோடு படுக்கட்டும்.