பொறி நிறைகிறது, புழு குறையவில்லை: மாந்தோப்புக் கேள்வி-பதில்

திருகோணமலை நிலாவெளியில் பீச் பழமரம் நட்டு மூன்று வருடமாகிறது. தழைக்கிறது, பூக்கவில்லை.

பூக்காது. பீச் மொட்டு விழிக்கக் குளிர் வேண்டும். பல இனங்களுக்கு 7 பாகை செல்சியசுக்குக் கீழே நூற்றுக்கணக்கான மணித்தியாலங்கள். நம் மார்கழி இரவுகளில் அது கிடைக்காது. பீச்சைப் போலவே கெட்டியான கொட்டையைச் சுற்றிச் சதை பிடிப்பதுதான் மாம்பழமும். அந்த இடத்தில் ஒரு விலாட் மா ஒட்டுக்கன்று வையுங்கள்.

தம்பலகாமத்தில் பழ ஈக்களைப் பிடிக்க ஆறு மெதைல் இயூஜினோல் பொறிகள் கட்டினேன். ஈக்கள் நிறைய விழுகின்றன. ஆனாலும் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டினால் புழு.

இம்முறை அதிகம் வந்த கேள்வி இது. மெதைல் இயூஜினோல் மணத்துக்கு வந்து பொறியில் கிடப்பவை ஆண் ஈக்கள். காயைத் துளைத்து முட்டையிடுவது பெண். அயல் வளவில் இணைசேர்ந்து வரும் பெண்ணை உங்கள் பொறி தடுக்காது. பொறியைக் கழற்ற வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம்.

விழுந்த பழங்களை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கோளாறு அங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு பழத்தை வெள்ளைத் தட்டில் பிளந்து பாருங்கள். முற்றிய புழு தலையையும் வாலையும் சேர்த்து வில்லாக வளைந்து, சட்டென்று விடுபட்டுத் தட்டுக்கு வெளியே துள்ளும். அப்படித் துள்ளித்தான் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது, பின் ஈயாகி மேலேறுகிறது. ஆகவே தினமும் பொறுக்கிக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள். புதைப்பதானால் இரண்டடி ஆழம். வேலியோரம் எறிவது ஈ வளர்ப்பதற்குச் சமம்! கைக்கெட்டும் காய்களுக்குப் பச்சையாயிருக்கும்போதே கடதாசிப் பை கட்டுங்கள். அயலவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூதூரில் மாமரமெல்லாம் முசுறு எறும்பு. மருந்தடிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். முசுறு ஊரும் காயில் முட்டையிடப் பழ ஈ தயங்கும். வெள்ளை மாவுபோல் ஒட்டும் பூச்சிகளை, அவை கசியும் இனிப்புக்காக முசுறு காவல் காப்பது உண்மை. அவை பெருகிய நுனிகளை மட்டும் வெட்டி எரியுங்கள். கடிக்குப் பயந்தால், வலை கட்டிய கொக்கத்தடியால் கீழே நின்று பறியுங்கள்.

உப்புவெளியில் மா பூத்தபோது, சாறுறிஞ்சும் தத்திப்பூச்சி மொய்த்தது. பூ விரிந்திருக்கையில் இருமுறை பீடைநாசினி தெளித்தும் பிஞ்சு நிற்கவில்லை.

மாம்பூவுக்கு மகரந்தம் சுமப்பவை ஈக்களும் சிறு தேனீக்களும். தத்தியோடு அவையும் செத்திருக்கும். அடுத்த முறை, மொட்டு விரியுமுன் காலையில் பூங்கொத்தைத் தட்டிப் பாருங்கள். கூட்டமாகக் கிளம்பினால் மட்டும், விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு அப்போதே தெளியுங்கள். தத்திக்கு அடர்ந்த நிழல் பிடிக்கும். அறுவடை முடிந்து மாரி தொடங்குமுன் உட்கிளைகளைக் கத்தரித்துவிடுங்கள்; நண்பகலில் மரத்தடியில் வெயில் பொட்டுப் பொட்டாக விழ வேண்டும்.