அஜிகான்: ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகும் பாட்டு இருக்கிறது

ஜப்பானின் ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் என்ற ராக் இசைக்குழுவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி அனிமே ஓப்பனிங், அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களின் தொடக்கத்தில் ஒன்றரை நிமிடம் ஓடும் பாட்டு, பற்றியவைதான். அதில் தப்பில்லை, நானும் அந்த வாசல் வழியாக உள்ளே போனவன்தான். ஜப்பானில் ரசிகர்கள் இவர்களைச் சுருக்கமாக 'அஜிகான்' என்பார்கள். இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கே: அண்ணா, நருட்டோவோட ரெண்டாவது ஓப்பனிங் எந்த ஆல்பத்துல இருக்கு? தேடுற இடத்துல எல்லாம் ஒன்றரை நிமிஷத் துண்டுதான் கிடைக்குது.

ப: அது 'ஹருகா கனதா', தம்பி. 'வெகு தொலைவில்' என்று பொருள். 2002-ல் பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் சிறிய இண்டி வெளியீடாக வந்த 'ஹோகாய் ஆம்ப்ளிஃபயர்' என்ற ஆறு பாட்டுத் தொகுப்பில் முதல் பாட்டு. மறு வருடம் கியூன் என்ற இசை நிறுவனம் அதை மறுபடி வெளியிட்டது. முழு நீள ஸ்டூடியோ ஆல்பங்களில் தேடினால் அகப்படாததற்குக் காரணம் இதுதான். கிடைத்ததும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள். தொடக்கத்தில் குழுவின் யமாடா வாசிக்கும் பேஸ் கிட்டார் ஓடி வருவதை ஃபோன் ஸ்பீக்கர் பாதி தின்றுவிடும்.

கே: பேர்ல குங்ஃபூ இருக்கே, காமெடி பேண்டா?

ப: இல்லை. யோகோஹாமாவில் உள்ள கான்டோ ககுயின் பல்கலைக்கழகத்தின் இசை மன்றத்தில் 1996-ல் சேர்ந்த பையன்கள். மசாஃபூமி கோத்தோ பாட்டும் கிட்டாரும், கென்சுகே கிதா லீட் கிட்டார், தகாஹிரோ யமாடா பேஸ், கியோஷி இஜிச்சி டிரம்ஸ். இன்றுவரை அதே நால்வர். பேண்ட் நடத்திப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். என் கல்லூரி பேண்ட் ஏழு மாதம்கூடத் தாங்கவில்லை.

கே: 'ரீரைட்' மாதிரி இன்னும் நாலு பாட்டு சொல்லுங்க ப்ரோ.

ப: 'ரீரைட்' 2004 ஆகஸ்டில் வந்த சிங்கிள், 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' அனிமேயின் நான்காவது ஓப்பனிங். அழித்துவிட்டுத் திரும்ப எழுது என்று கத்துகிற பாட்டு, உடைத்து மறுபடி உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவர்களின் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதே வேகம் வேண்டுமென்றால் ப்ளீச் அனிமேயில் வந்த 'ஆஃப்டர் டார்க்' (2007), நருட்டோவின் தொடர்ச்சியான நருட்டோ ஷிப்புடெனில் வந்த 'பிளட் சர்குலேட்டர்' (2016). ஆனால் நான் கை காட்டுவது 'கிமி தோ யூ ஹனா' (2003). பேஸ் டிரம் ஒவ்வொரு அடிக்கும் விழும், உட்கார்ந்து கேட்க முடியாது. நான்காவதாக 'ரீ:ரீ:'. இது முதலில் 2004-ன் 'சோல்-ஃபா' ஆல்பத்தில் ஓரமாக இருந்த பாட்டு. பன்னிரண்டு வருடம் கழித்து, கடந்த காலத்துக்குத் திரும்பிப் போகிறவனைப் பற்றிய 'இரேஸ்ட்' அனிமேவுக்காகப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அந்த வருடமே முழு 'சோல்-ஃபா'வையும் மறுபடி வாசித்து வெளியிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பழையதில் அவசரம் இருக்கும், புதியதில் கை பழகியிருக்கும். என் ஓட்டு பழையதுக்கு.

கே: எனக்கு 54 வயசு. பையன் எந்நேரமும் இவங்களைத்தான் அலற விடுறான். காது வலிக்காம ஒரு பாட்டு இருந்தா சொல்லுங்க தம்பி, நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

ப: 'சோலானின்' கேளுங்க சார். அதுவும் உச்சத்தில் கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் காரணத்தோடு போடும். இனியோ அசானோ வரைந்த அதே பெயருள்ள மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஒன்று உண்டு. டோக்கியோவில் ஒரு இளம் ஜோடி, அவன் பேண்டில் பாடுகிறவன், விபத்தில் இறந்துவிடுகிறான். அவன் விட்டுப்போன கிட்டாரைக் கையில் எடுத்து அவள் பாடுகிறாள். கதைக்குள் வரும் அந்தப் பாட்டின் வரிகள் அசானோ எழுதியவை. காகிதத்தில் இருந்தவரைக்கும் அதற்கு மெட்டு இல்லை. 2010-ல் படமானபோது மெட்டுப் போட்டவர்கள் இவர்கள். சோலானின் என்பது முளைவிட்ட உருளைக்கிழங்கில் இருக்கும் நஞ்சு. காதல் பிரிவுப் பாட்டுக்கு இப்படி ஒரு பெயர் வைக்க ஜப்பான்காரர்களால்தான் முடியும்.

கே: கிட்டார் கத்துக்கிட்டு ஆறு மாசம் ஆச்சு. அந்த லீட் சத்தம் எப்படி வருது அண்ணா?

ப: பெரும்பாலும் ஆக்டேவ், அதாவது ஒரே சுரத்தைக் கீழ் ஸ்தாயியிலும் மேல் ஸ்தாயியிலும் சேர்த்து வாசிப்பது. ஐந்தாவது தந்தியில் ஒரு சுரம், மூன்றாவது தந்தியில் இரண்டு ஃப்ரெட் மேலே அதே சுரம், நடுத் தந்தியை ஆள்காட்டி விரலின் சதையால் ஊமையாக்கிவிட்டு எல்லாவற்றையும் சேர்த்து வீச வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் பவர் கார்ட் போட்டால்தான் எடுபடும். தனியாக வாசித்துவிட்டு 'வரலையே' என்று வருத்தப்படாதே.

கே: அனிமே இல்லன்னா இவங்களை யாருக்குத் தெரியும்?

ப: வெளிநாட்டில் பலருக்குத் தெரிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். உள்நாட்டுக் கதை வேறு. 'சோல்-ஃபா' ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஓரிகானில் முதலிடம் பிடித்த ஆல்பம். 2003-லிருந்து நானோ-முகென் என்று சொந்தமாக இசை விழா நடத்தி, அமெரிக்க ராக் குழு வீஸர் போன்ற வெளிநாட்டுக் குழுக்களைத் தங்கள் ரசிகர்கள் முன் நிறுத்தினார்கள். அந்த வீஸரின் பாடகர் ரிவர்ஸ் குவோமோ பிறகு 2018-ன் 'ஹோம்டவுன்' ஆல்பத்தில் இவர்களோடு சேர்ந்து பாட்டே எழுதினார். 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு கோத்தோ 'தி ஃப்யூச்சர் டைம்ஸ்' என்று இலவசச் செய்தித்தாள் ஆரம்பித்தார். ஓப்பனிங் பாடிக் காசு பார்த்துவிட்டுப் போகிற ஆள் செய்கிற வேலையா இது?

கே: உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஆல்பம் எது?

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். 'சர்ஃப் புங்காகு கமாகுரா', 2008 நவம்பர். டோக்கியோவுக்குத் தெற்கே ஃபுஜிசாவாவிலிருந்து கமாகுரா வரை எனோடென் என்று ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. மொத்தம் பத்து கிலோமீட்டர், பதினைந்து நிலையங்கள். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகும், கொஞ்ச தூரம் கார்களோடு தெருவிலேயே போகும், திடீரென்று பக்கத்தில் கடல் வரும். ஆல்பத்தில் பத்துப் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பாதையில் ஒரு நிலையத்தின் பெயர், அதே வரிசையில். 'ஃபுஜிசாவா லூசர்' என்று ஏறி 'கமாகுரா குட்பை' என்று இறங்கலாம். நடுவில் வரும் 'எனோஷிமா எஸ்கார்' அந்தத் தீவின் குன்றில் ஏற வைத்திருக்கும் கட்டண எஸ்கலேட்டரின் பெயர். ஏறத்தான் முடியும், இறங்க நடக்க வேண்டும்!

நால்வரும் ஒரே அறையில் சேர்ந்து ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தது, அதனால் பளபளப்பு கிடையாது. விட்டுப்போன நிலையங்கள் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தன. அவர்களுக்கும் உறுத்தியிருக்கும்போல. 2023-ல் பதினைந்து பாட்டோடு முழுமையாக்கிவிட்டார்கள்.

கே: அட்டைப் படங்கள் எல்லாம் ஒரே சாயல்ல இருக்கே, யார் வரைஞ்சது?

ப: யூசுகே நகமுரா. 'ஹோகாய் ஆம்ப்ளிஃபயர்' காலத்திலிருந்தே அவர்தான். 'தி டடாமி கேலக்ஸி' அனிமேவின் பாத்திர வடிவங்களும் அவருடையவையே. அதன் ஓப்பனிங் யார் பாடியது என்று நான் சொல்ல வேண்டுமா?

கே: அண்ணா, முதல் கேள்வி கேட்ட நான்தான் மறுபடி. 'ரீரைட்' முழுசா கேட்டேன், அப்புறம் லைவ் வீடியோ பார்த்தேன். பாதியில வேற பாட்டுக்குப் போயிட்டாங்களா?

ப: அதே பாட்டுதான். மேடையில் நடுப்பகுதியை டப் பாணியில், அதாவது ரெக்கே இசையிலிருந்து வந்த எதிரொலி நிறைந்த பாணியில் இழுத்து, வேகத்தை இறக்கி, கூட்டத்தைப் பாட விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். பொறுமையாக இரு, கோரஸ் திரும்ப வரும்.